குழாய்க்காரன் விழுங்கிய கேமரா

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஹீமோகுளோபின் 7.9. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாய் வழியாக விட்ட கேமராவிலும் ஒன்றும் இல்லை, கீழிருந்து விட்டதிலும் இல்லை. "ரத்தம் நடுவில்தான் எங்கேயோ கசியுது அங்கிள்" என்றார் டாக்டர். நடுவில் என்றால் சிறுகுடல், சுமார் ஆறு மீட்டர். அந்த இரண்டு கேமராக்களும் அதன் இரு ஓரங்களைத்தான் எட்டும். அதனால் அடுத்த செவ்வாய் கேப்ஸ்யூல் கேமரா விழுங்க வேண்டும். அதுவரை இரும்புச்சத்து மாத்திரை கூடாது. குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து படத்தைக் கெடுத்துவிடுமாம்.

மார்ச் 8, சனி

சிங்கப்பூரின் கழிவுநீர்க் குழாய்களுக்குள் இருபது வருடம் கேமரா விட்டுப் பார்த்தவன் நான். இப்போது என் முறை. இந்தக் கேப்ஸ்யூல் கேமராவை யோசித்தவர் காவ்ரியேல் இட்டான் என்ற இஸ்ரேலியப் பொறியாளர். ஏவுகணைக்குக் கண் வைக்கிற வேலையில் இருந்தவராம். 2000இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது, 2001இல் அமெரிக்காவில் அனுமதி. நீளம் 26 மில்லிமீட்டர், தடிமன் 11.

எங்கள் கேமராவுக்குக் கேபிள் உண்டு. சந்தேகமான இடத்தில் நிறுத்தலாம், பின்னால் இழுக்கலாம். இதற்கு அந்த வசதி எதுவும் கிடையாது. குடல் தள்ளுகிற வேகத்தில் போக வேண்டியதுதான். வழியில் குறுகல் இருந்தால் சிக்கிக்கொள்ளும், அப்புறம் எடுக்கிறது பெரிய பாடு. அதனால்தான் வயிற்றில் ஆபரேஷன் உண்டா, சாப்பிட்டதும் வலிக்குமா என்று டாக்டர் அத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

பேதி மருந்து. வீட்டில் மீன் குழம்பு. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலை எட்டு மணி. தாதி வயிற்று முடியை மழித்து, வட்ட வட்டமாக உணர்விகளை ஒட்டி, இடுப்பில் பெல்ட்டையும் பதிவுப் பெட்டியையும் மாட்டிவிட்டார். டப்பாவில் இருக்கும் காந்தத்திலிருந்து எடுத்த உடனே கேப்ஸ்யூல் கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், மின்மினிப் பூச்சியேதான். ஒரு மடக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பதிவுப் பெட்டியின் சின்னத் திரையில் முதலில் என் நாக்கு, அப்புறம் இளஞ்சிவப்புச் சுவர், அப்புறம் இரைப்பையின் மடிப்புகள். ரோஜா நிறத்தில், எவ்வளவு சுத்தம்! நான் பார்த்த குழாய் எதுவும் இப்படி இருந்ததில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நான்கு மணி நேரம் கழித்து இரண்டு இட்லி. வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். எம்ஆர்டி ரயிலில் எதிரே இருந்த பெண்மணி பெல்ட்டின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். பேரன் என் சட்டையைத் தூக்கி, "தாத்தா, உள்ளே இப்ப என்ன படம் ஓடுது?" என்றான்.

மாலை நான்கு மணிக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். விநாடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம், ஆக 57,600. உட்கார்ந்து பார்க்கிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வெளியே வந்துவிட்டது. வெளியேறும்வரை எம்ஆர்ஐ பக்கமே போகக் கூடாது என்றிருந்தார்கள், அந்தக் கவலை தீர்ந்தது. கொடுத்த பணத்தை நினைத்தால் தண்ணீர் ஊற்றிவிட மனம் வரவில்லை. என்ன செய்வது, நான் வேலை பார்த்த குழாய்களுக்கே போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் படத்தைக் காட்டினார். வெளிர் சுவரில் சிலந்திக் கால் மாதிரி சிவப்புக் கோடுகள், பக்கத்தில் துளி ரத்தம். விரிந்துபோன மெல்லிய ரத்தக் குழாய்களாம், வயதானவர்களுக்கு வருவதுதான் என்றார். "மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டர்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இரைப்பையைத் தாண்டி 41 நிமிஷம்" என்றார். மீட்டர் கணக்குச் சரியாகக் கிடைக்காதாம். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தாலும் நின்றிருக்கும். எங்கள் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தால் மேலதிகாரி கிழித்துப் போட்டிருப்பார். ஆனாலும் சிறுகுடலின் முன்பகுதி என்று தெரிந்தால் போதும், வாய் வழியாகவே போகலாம் என்கிறார்.

விழுங்கின கேமரா பார்க்க மட்டும்தான், அதனால் எதையும் தொட முடியாது. அடுத்து பலூன் வைத்த நீளக் குழாய். குடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்மேல் சுருக்கிக்கொண்டே உள்ளே போகுமாம். கசியும் இடத்தை ஆர்கான் வாயு வழியே மின்சாரம் விட்டுச் சுட்டு மூடுவார்கள்.

ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்று இரவிலிருந்து மறுபடி இரும்பு மாத்திரை.