குளத்துக்குப் போன உரத்தை வயலில் நிறுத்த மூன்று ஆண்டுகள்

எங்கள் நிலத்தின் தாழ்வான ஓரத்தில் ஒரு குளம் இருக்கிறது. மேட்டில் உள்ள மக்காச்சோள வயல்களில் பெய்யும் மழைநீர் சரிவில் இறங்கி, ஒரே வடிகால் வழியாக அதில்தான் போய்ச் சேரும். கோடைதோறும் அந்தக் குளம் பச்சைச் சாயம் கரைத்ததுபோல ஆகிவிடுவதை நான் வெயிலின் குற்றம் என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போனபோது, மீன்கள் எல்லாம் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஆழத்துக்குப் போய்விட்டன. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி இரவு முழுவதும் அதையே உறிஞ்சிக்கொள்கிறது என்பதும், ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தன. பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்ததும், பதில் என் வயலைத் தவிர வேறெங்கும் இருக்க வழியில்லை.

முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், 'மிக அதிகம்' என்று முடிவு வந்தது. நாங்கள் பல ஆண்டுகளாகக் கோழி எருவைப் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கணக்கிட்டே இட்டுவந்தோம். கோழி எருவில் தழைச்சத்தை ஒப்பிட, பயிர் கேட்பதைவிட அதிக விகிதத்தில் மணிச்சத்து இருக்கிறது. தழைச்சத்துக்கு அளந்து போட்டால் மணிச்சத்து மிஞ்சி, ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அது போதாதென்று, பழக்கத்தின் காரணமாக அடியுரமாக டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தையும் இட்டுவந்தோம். 100 கிலோ டிஏபியில் 18 கிலோ தழைச்சத்தும், உர மூட்டையில் அச்சிடும் கணக்குப்படி, அதாவது பாஸ்பரஸை ஆக்சைடாகக் கணக்கிட்டால், 46 கிலோ மணிச்சத்தும் உள்ளன. தனிமமாகப் பார்த்தால் அந்த 46 கிலோவில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 20 கிலோ.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் மனத்தை மாற்றியது இதுதான். தேங்கிய நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி செழித்து வளரப் போதுமானது. ஒரு கிலோ பாஸ்பரஸ், ஒரு கோடி லிட்டர் நீரை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வயலில் ஒரு கிலோ குறைந்தால் விளைச்சலில் எதுவும் தெரியாது, உரச் செலவிலும் உறைக்காது. எந்த விவசாயியின் வரவுசெலவுக் கணக்கிலும் தென்படாத இழப்பு, குளத்துக்கு மட்டும் பேரிழப்பாகிறது. 1973-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றுடன் பாஸ்பரஸும் சேர்த்துப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பச்சையானது. அந்த வான்வழிப் படத்தைப் பார்த்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்கள் குளம்தான் என்று தோன்றியது.

டிஏபியை அந்தப் பருவமே நிறுத்தினேன். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அடியுரம் இல்லாமல் விதைப்பதா என்று அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் மண்ணில் இருப்பே பல பருவங்களுக்குப் போதுமானதாக இருந்ததால் பயிர் குன்றவில்லை. கோழி எருவையும் மணிச்சத்துக்கு அளந்து குறைத்து, தழைச்சத்தில் ஏற்பட்ட பற்றாக்குறையை யூரியாவால் ஈடுகட்டினேன்.

யூரியாவில் நான் செய்துவந்த தவறு வேறு வகையானது. மழை வரும் என்று தெரிந்தால், அதற்கு முன்னால் மேலுரத்தைத் தூவிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இலேசான தூறல் யூரியாவை மண்ணுக்குள் இறக்கும், அது நல்லதே. கனமழையோ, எளிதில் கரையும் அந்த உரத்தை மேற்பரப்போடு வழித்துக்கொண்டு போய்விடும். எஞ்சியது மண்ணில் நைட்ரேட்டாக மாறியபின், மண் துகள்கள் அதைப் பிடித்து வைக்காததால், நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். கிணற்று நீரைச் சோதனைத் தாளில் நனைத்துப் பார்த்தேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை முன்னிட்டு. எங்கள் தாளின் நிறம் அந்த எல்லையை ஒட்டியே நின்றது. அதன்பிறகு யூரியாவை மூன்று தவணையாகப் பிரித்து, தூவுவதற்குப் பதிலாகச் செடிவரிசையை ஒட்டிக் கோடு கிழித்து இட்டு மூடினேன். கனமழை அறிவிப்பு இருந்தால் வேலையைத் தள்ளிப்போட்டேன். ஆள்வேலை கூடியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்ததாக, வயலுக்கும் வடிகாலுக்கும் இடையே புல் பட்டை அமைத்தேன். இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். இரண்டு ஆள் அகலத்துக்குப் புல் அடர்ந்து வளர்ந்து பார்க்கவே நிறைவாக இருந்தது. முதல் கனமழையன்று குடையோடு போய், கலங்கல் நீரின் பின்னாலேயே நடந்தேன். அது புல்லைத் தொடவே இல்லை. வயலின் மூலையில் மாடுகள் நடந்து நடந்து தேய்ந்த பள்ளம் ஒன்றில் எல்லா நீரும் ஒன்றுகூடி, முழங்கால் அகலமே உள்ள ஓர் இடைவெளி வழியாகப் பட்டையைக் கடந்து, காப்பி நிறத்தில் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. நீர் மெல்லியதாகப் பரவி வந்தால்தான் புல் வண்டலை வடிகட்டும். ஓடையாகத் திரண்டு வந்தால் பட்டை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. அந்தப் பள்ளத்தை மூடி, சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டேன். அடுத்த ஆண்டு மழையில் அதன் மேல்புறத்தில் வண்டல் படிந்து விரல் உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. மண் துகளோடு ஒட்டிப் போகும் மணிச்சத்து அங்கே நின்றுவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. புல்லை அறுத்தால் அங்கேயே போட்டுவிடாமல் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதையும் தாமதமாகவே கற்றேன். அழுகும் புல், தான் உறிஞ்சிய சத்தை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மண்ணரிப்பைக் குறைக்கலாம் என்று ஒரு பகுதியில் உழாமலும் விதைத்துப் பார்த்தேன். வடிகால் நீர் தெளிந்தது. ஆனால் உழாத நிலத்தில் மேலே தூவிய எரு மேல்மண்ணிலேயே தங்குவதால், கரைந்த நிலையிலுள்ள மணிச்சத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பகுதியில் எருவை இப்போது மண்ணுக்குள் இறக்கித்தான் இடுகிறேன்.

அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் சணப்பை விதைத்ததும் பாதிச் சரியான யோசனைதான். மண் மூடப்பட்டது, ஆனால் சணப்பை காற்றிலிருந்து தானாகவே தழைச்சத்தை நிலைநிறுத்தும் பயிர், மிச்சமிருக்கும் நைட்ரேட்டைத் துடைத்தெடுக்க அதை நம்ப முடியாது. அதற்குக் கம்பு போன்ற வேர் ஆழமான, சத்துக்குப் பசித்த பயிர் வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் கம்பைத்தான் விதைக்கிறேன்.

மூன்று ஆண்டுகளில் வடிகால் நீரைப் பிடித்து வைத்த புட்டிகளை வரிசையாக வைத்தால், அடியில் படிந்த வண்டல் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்திருப்பது தெரிகிறது. கிணற்றின் சோதனைத் தாளும் ஒரு நிறம் இறங்கியிருக்கிறது. குளம்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அதன் அடிச்சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மணிச்சத்து இரும்போடு பிணைந்து கிடக்கிறது. வெயில் காலத்தில் அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் அந்தப் பிணைப்பு அறுந்து, சத்து மீண்டும் நீருக்கு வந்துவிடுகிறது. நான் வயலிலிருந்து ஒரு துளிகூட அனுப்பாவிட்டாலும் குளம் தன் பழைய சேமிப்பைக் கொண்டு சில கோடைகள் பச்சையாகவே இருக்கும். வரும் கோடையில் நீர் வற்றும்போது, கரையோரச் சேற்றை அள்ளி, மழைநீரோடு மறுபடி குளத்துக்கே திரும்பாத இடமாகப் பார்த்துக் கொட்டலாம் என்று அளந்து வைத்திருக்கிறேன். மீன்கள் சென்ற கோடையில் இரண்டு விடியற்காலைகளில் மட்டும் மேலே வந்தன.