அகச்சிவப்புக் கேமரா: முதலில் அது ஒரு வெற்றிடப் பாத்திரம்

தொலைநோக்கிக்கு ஒளியியல் கேமராவை நன்றாகக் கட்டத் தெரிந்தவர்கள் அகச்சிவப்புக் கேமராவுக்கு வரும்போது, டிடெக்டரை, அதாவது ஒளியைப் பதியும் சில்லை, மாற்றினால் போதும் என்று நினைத்து இறங்குவதுண்டு. ஒளியியல் கேமராவின் டிடெக்டரான சிலிக்கான் சிசிடி 1.1 மைக்ரானுக்கு மேல் எதையும் பார்க்காது. அறை வெப்பத்தில் இருக்கும் லென்ஸும் உலோகமும் அதற்கு இருட்டு. ஆகவே டிடெக்டரை மட்டும் மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிரவைத்துவிட்டு, மற்றதை வெளியே விட்டுவிடலாம்.

அகச்சிவப்பில், 2.2 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கே பட்டையில், அது நடக்காது. 300 கெல்வினில் இருக்கும் பொருளின் கதிர்வீச்சு 10 மைக்ரானுக்குப் பக்கத்தில்தான் உச்சம் தொடும். ஆனால் அதன் வால் 2 மைக்ரானைத் தாண்டியதும் மளமளவென்று ஏறுகிறது. லென்ஸ் பிடிப்பான், ஃபில்டர் சக்கரம், ஒரு சாதாரணத் திருகு என எல்லாமே டிடெக்டரின் கண்ணுக்கு விளக்குதான். எனவே ஒளிப்பாதை முழுவதையும் 80 கெல்வின் அளவுக்கு இறக்கியாக வேண்டும். இறக்கினால் காற்றின் ஈரம் பனியாகப் படியும். அதனால் எல்லாவற்றையும் வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே டியூவரின், அதாவது அந்த வெற்றிடப் பாத்திரத்தின், வெப்பக் கணக்கைப் போடச் சொல்வது இதனால்தான்.

கணக்கு எளிது. 300 கெல்வின் சுவர், கறுப்பாக இருந்தால், சதுர மீட்டருக்கு 459 வாட் கொட்டும். உள்ளே அரை சதுர மீட்டர் பரப்புள்ள குளிர்ப் பெட்டி என்றால் 230 வாட். ஒரு வாட் வெப்பம், குளிர்விக்க ஊற்றும் திரவ நைட்ரஜனில் ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 45 மணி நேரம் எடுக்கும். 230 வாட்டுக்கு மணிக்கு 5 லிட்டருக்கு மேல் போய்விடும். யாரும் ஊற்றிக் கட்டுப்படியாகாது. பளபளப்பாக்கிய அலுமினியம், நடுவே ஒரு கதிர்வீச்சுத் தடுப்பு, அலுமினியம் பூசிய மைலார் பிளாஸ்டிக் தாள் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து இதைச் சில வாட்டுக்குக் கொண்டுவரும். தாள்களை இறுக்கிச் சுற்றக்கூடாது. ஒன்றோடொன்று அழுந்தினால் கதிர்வீச்சைத் தடுத்துவிட்டு, வெப்பக்கடத்தலுக்கு வழி திறந்துவிட்ட கதையாகும்.

கம்பிகளைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 0.2 மில்லிமீட்டர் தடிமன், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு செம்புக் கம்பி, அறை வெப்பத்திலிருந்து 80 கெல்வினுக்கு 9 மில்லிவாட் கடத்தும். டிடெக்டருக்கும் சென்சார்களுக்கும் மோட்டாருக்குமாக நூறு கம்பி போனால் கிட்டத்தட்ட ஒரு வாட். மாங்கனின் என்ற செம்புக் கலவைக் கம்பி என்றால் அதில் இருபதில் ஒரு பங்குதான். மோட்டாருக்குப் போகும் கம்பியில் மின்தடை கூடினால் சூடாகும் என்பதால் அங்கே மட்டும் பாஸ்பர் வெண்கலம் நல்லது.

அடுத்தது சுருக்கம். அறை வெப்பத்திலிருந்து 77 கெல்வினுக்குப் போகும்போது அலுமினியம் மீட்டருக்கு 3.9 மில்லிமீட்டர் சுருங்கும். உருகிய சிலிக்கா ஏறக்குறைய அசையாது. 50 மில்லிமீட்டர் சிலிக்கா லென்ஸை அலுமினிய வளையத்தில் அளவாகப் பொருத்தினால், குளிர்ந்ததும் வளையம் 0.2 மில்லிமீட்டர் நெருக்கி ஓரத்தைச் சில்லாக்கும். அதற்காக இடைவெளி மட்டும் விட்டால் லென்ஸ் ஆடும். இரண்டு நிலையான திண்டு, எதிரே ஸ்பிரிங் வைத்த மூன்றாவது திண்டு என்ற ஏற்பாடு பழசுதான், ஆனால் இன்றும் அதற்கு மிஞ்சியது குறைவு. கால்சியம் ஃபுளூரைடு அலுமினியத்தோடு ஓரளவு ஒத்துச் சுருங்கும். ஆனால் திடீர் வெப்பமாற்றம் அதற்கு ஆகாது, விரிசல் விட்டுவிடும்.

ஃபில்டர் சக்கரத்தின் பேரிங்கிலும் இதே வம்புதான். அலுமினிய உறை எஃகு பேரிங்கைவிட இருமடங்கு சுருங்குவதால், மேசைமேல் வெண்ணெயாகச் சுழன்ற சக்கரம் 80 கெல்வினில் இறுகி நிற்கும். அடி அடியாகச் சுழலும் மோட்டார் சில அடிகளைத் தவறவிட்டாலும் முழுக்கச் சுழன்றதாகவே மென்பொருள் சொல்லும், ஃபில்டரோ பாதியில் நிற்கும். பேரிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் எஃகு வளையம் ஒன்று போடுங்கள். பேரிங்கில் வரும் கிரீஸை முழுக்கக் கழுவி, மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர் பூச்சு போடுங்கள். கிரீஸ் உள்ளே உறைந்தால் கல். சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை மோட்டாரின் அடிக் கணக்கை நம்பி முடிவு செய்யாமல், தனியாக ஒரு ஸ்விட்சை வைத்துச் சரிபார்க்கவும்.

வெற்றிடத்தில் அதிகத் தலைவலி தருவது நிஜமான கசிவு அல்ல, பொய்க் கசிவு. அடிமூடிய மரைத்துளையில் திருகு போட்டால், அடியில் சிக்கிய காற்று மரை வழியாக நாள்கணக்கில் கசியும். வெளியே சுற்றிச் சுற்றி ஹீலியம் பீய்ச்சினாலும் கசிவுமானி எதுவும் காட்டாது, அழுத்தம் மட்டும் இறங்காது. நடுவில் துளையிட்ட திருகு போட்டால் தீர்ந்தது. ஓ-ரிங்கில் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்குப் போதும். வழித்துப் பூசினால் அதுவே வாயு விடும். உள்ளே தொடும் எதையும் நைட்ரைல் கையுறையோடுதான் தொட வேண்டும். ஜன்னலையும் சும்மா நினைக்கக்கூடாது: 100 மில்லிமீட்டர் ஜன்னல் மேல் காற்று 80 கிலோ எடையாக அழுத்துகிறது.

முதலில் உலர் பம்ப், பிறகு டர்போ பம்ப். 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே இறங்கும்வரை குளிர்விக்கத் தொடங்கக்கூடாது. எண்ணெய் பம்ப் என்றால் எண்ணெய் ஆவி பின்னோக்கி வந்து, உள்ளே எது அதிகக் குளிரோ அதில் படியும். அது டிடெக்டராக இருந்துவிடக்கூடாது. உள்ளே மிஞ்சும் வாயுவைப் பிடித்துவைக்கும் கரித்தூள் உறிஞ்சி முதலில் குளிர வேண்டும், டிடெக்டர் கடைசியில். டிடெக்டரில் அகச்சிவப்பை உணரும் மெர்குரி காட்மியம் டெல்லுரைடு அடுக்கு இண்டியம் குமிழ்களால் சிலிக்கான் சில்லோடு ஒட்டியிருக்கிறது. இரண்டின் சுருக்கமும் வேறு. நிமிடத்துக்கு ஒரு கெல்வினைத் தாண்டாமல் இறக்குவதுதான் பாதுகாப்பு. ஹீட்டர் வைத்துத்தான் இதைச் செய்ய முடியும். குளிர் தானாகப் பொறுமை காட்டாது.

மலை ஏறினால் கணக்கு மாறும். லடாக்கின் ஹான்லேயில் இமாலயன் சந்திரா தொலைநோக்கி இருக்கும் 4,500 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. அங்கே திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் அல்ல, 73 பக்கம் கொதிக்கும். தொட்டியின் வெப்பநிலையே டிடெக்டரின் வெப்பநிலை என்று கட்டியிருந்தால், ஆய்வகத்தில் ஒளி விழாமல் எடுத்த இருள் படங்கள் அங்கே பொருந்தாது. டிடெக்டரைத் தொட்டியைவிடச் சில கெல்வின் மேலே, ஹீட்டரால் நிலைநிறுத்துவது அவசியம். மெலிந்த காற்றில் மின்விசிறியும் சரியாகக் குளிர்விக்காது; மோட்டார் டிரைவர்கள் சமவெளியில் காட்டாத சூட்டை அங்கே காட்டும்.

குளிர்த் தடுப்புதான் இந்தக் கருவியின் உயிர்நாடி. தொலைநோக்கிக் கண்ணாடியின் பிம்பம் விழும் இடத்தில், அதைவிடச் சற்றே சிறிய துளையோடு குளிர்ந்த தகடு ஒன்று நிற்கும்; கண்ணாடிக்கு வெளியே உள்ள சூடான தரையையும் சட்டத்தையும் மறைப்பது அதன் வேலை. 10 மில்லிமீட்டர் துளையில் 0.3 மில்லிமீட்டர் விலகினாலே கே பட்டைப் பின்னணி ஒரு பக்கம் ஏறும். அலைநீளம் குறைந்த ஜே பட்டையில் ஒன்றும் தெரியாது. சந்தேகம் வந்தால் குளிர்ந்த மூடியை ஒளிப்பாதையில் போட்டு, ஒரு ஹாட் ஏர் கன்னால் டியூவரின் ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் இணைப்பையும் லேசாகச் சூடாக்கிப் படம் எடுங்கள். எண்ணிக்கை ஏறும் இடத்துக்கு நேரே உள்ளே எங்கோ தடுப்பில் இடைவெளி இருக்கிறது.

திறக்கும்போது வரிசை தலைகீழ். டிடெக்டரை ஹீட்டரால் சுற்றியுள்ளதைவிடச் சூடாகவே வைத்துக்கொண்டு வெப்பமேற்ற வேண்டும். இல்லையென்றால் கரி விடும் நீராவியும் வாயுவும் நேராக அதன் மேல் உட்காரும். எல்லா சென்சாரும் அறை வெப்பத்தைக் காட்டிய பிறகு உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக விடுங்கள். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைத்துவைக்காதீர்கள். கரி உறிஞ்சிவைத்திருந்த வாயு முழுவதும் சூடேறும்போது ஒரேயடியாக வெளிவரும், அந்த வால்வு இல்லாவிட்டால் முதலில் பறப்பது ஜன்னல்.