தயிர் தோயாத நான்கு நாள்கள்

சென்ற ஆடி மாதத்தில் தொடர்ந்து நான்கு நாள்கள் எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டில் தயிர் தோயவில்லை. முதல் நாள் அம்மா உறைமோரைக் குறை சொன்னார். மறுநாள் பக்கத்து வீட்டில் வாங்கி ஊற்றினார். மூன்றாம் நாள், பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று என்மீது பழி விழுந்தது. நான்காம் நாளும் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே தளும்பியது.

தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்துக் கறக்கும் பால்காரரிடம் விசாரித்தபோது, ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் கண்டு காம்புக்குள் மருந்து ஏற்றியதாகச் சொல்லி, காலிக் குழலையும் எடுத்துக் காட்டினார். விரல் நீளப் பிளாஸ்டிக், நுனியில் மழுங்கிய மூக்கு. சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது அதன் மேல் எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்தில் இருந்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளின் மருந்தில் இதை அச்சிட வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது; அந்த மருந்துக்கென ஆய்ந்து வகுத்த காலம் இல்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள்.

உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்களைப் பாலில் தங்கிய மருந்து வளரவிடாததால் தயிர் தோயாமல் போகிறது. ஆய்வகச் சோதனை ஒன்றும் இதே வழியில்தான் நடக்கிறது: நுண்ணுயிர் கலந்த ஊதா நிறக் கூழில் பாலைச் சொட்டிச் சூடேற்றினால், நல்ல பாலில் அது வளர்ந்து புளித்து மஞ்சளாகும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். ஆயினும் தோய்ந்த தயிர் நற்சான்று ஆகாது. சிறிய அளவு மருந்து அதற்குப் பிடிபடாது. மடிவீக்கத்துக்குத் தரும் மருந்துகளில் ஒன்றான பென்சிலின் காய்ச்சினாலும் முழுவதும் போவதில்லை, அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வாமை வரச் சிறிதளவே போதும்.

கோழிக்கறியில் மருந்து தங்கியிருந்தால், தயிர் தோயாமல் போவது போன்ற அடையாளமும் கிடையாது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலப்பதற்கு 2019இல்தான் தடை வந்தது.

"ஏழு நாள் பாலைச் சாக்கடையில ஊத்திட்டா, தீவனக் கடைக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றார் பால்காரர். இப்போது ஊசி போட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அந்த நாள்களில் நாங்கள் பாக்கெட் பால் வாங்கிக்கொள்கிறோம், அம்மா அவருக்குப் பாதிப் பணமும் கொடுத்துவிடுகிறார். அன்று கறந்த பால் வேறு எந்த வீட்டுக்குப் போகிறது என்று அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.