ஸ்டென்ட் பத்தி எல்லாரும் கேட்டாங்க, ட்யூப் பத்தி யாருமே கேக்கல

பாண்டில இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாய விரிச்சு வைக்கிற சின்ன கம்பிவலை) வச்சுட்டு கடலூர் வந்ததுல இருந்து பாக்க வர்றவங்க எல்லாம் எந்த கம்பெனி ஸ்டென்ட், எவ்ளோ ஆச்சுன்னுதான் கேக்குறாங்க. எனக்கு பிரச்சனை பண்ணினது ஸ்டென்ட் இல்ல, அதை உள்ள கொண்டு போற ட்யூப்தான், கைடிங் கத்தீட்டர்னு சொல்றாங்க.

மொதல்ல ஆஞ்சியோகிராம் எடுக்கும்போதே வலது மணிக்கட்டு வழியா போனாங்க, பாதி கை போனதும் ரத்தக்குழாய் இறுக்கிப் புடிச்சுகிச்சு. ஸ்பாசம்னு சொன்னாங்க. முழங்கைக்குள்ள யாரோ முறுக்குற மாதிரி வலி, டாக்டர் ட்யூப் வழியா ஏதோ மருந்து போட்டு கொஞ்ச நேரம் விட்டு அப்புறம்தான் நகர்த்துனாரு. நான் போடுறது 2.2 சைஸ் வளையல், மஞ்சக்குப்பம் வளையல் கடையிலயே தேடித்தான் எடுத்துக் குடுப்பாங்க, அப்ப உள்ள ஓடுற குழாய் எவ்ளோ இருக்கும்னு பாத்துக்கோங்க. இதயத்தோட முன்பக்கம் ஓடுற எல்.ஏ.டி.ங்குற ரத்தக்குழாய்ல அடைப்பு, கால்சியம் வேற படிஞ்சிருக்கு, ஸ்டென்ட் வைக்கணும்னு முடிவாச்சு.

தொடை வழியா போகலாம்னாங்க. போனா அப்புறம் கால மடக்காம மணிக்கணக்குல மல்லாந்தே படுக்கணும், என் முதுகுக்கு அது ஆகாது. கை வழியா வேற வழியே இல்லையா சார்னு கேட்டேன். அப்பதான் ஷீத் இல்லாம போற புது மாதிரி ட்யூப் ஒண்ணு இருக்கும்மான்னு சொல்லி பேப்பர்ல வரைஞ்சு காட்டினாரு. வழக்கமா மணிக்கட்டுல ஷீத்னு ஒரு சின்ன குழாய் சொருகி, அதுக்குள்ளதான் கைடிங் கத்தீட்டர் போகும். ஃப்ரெஞ்ச்ங்குறது ட்யூப் பருமனுக்கு சொல்ற அளவு, 6 ஃப்ரெஞ்ச் கத்தீட்டர்னா வெளி அளவு 2 மில்லிமீட்டர், ஆனா அது நுழையுற ஷீத்தோட வெளி அளவு இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல, என் குழாய்க்கு அந்த அரை மில்லிமீட்டர்தான் வில்லன். இதுல ஷீத்தே கிடையாது, கூம்பு முனை வச்ச ஒரு உள் குழாய் வழி விட, கத்தீட்டரே நேரா போயிடும். 6.5 ஃப்ரெஞ்ச்னு பேரு, வெளி அளவு 2.16 மில்லிமீட்டர்தான், ஆனா உள்ள இடம் தாராளம். தண்ணி பட்டா வழுவழுன்னு ஆகுற பூச்சு வேற. அதே வழவழப்பாலதான் கைய எடுத்தா நழுவி வெளிய வந்துடுமாம், ஒருத்தர் புடிச்சுகிட்டே இருக்கணும், நடுவுல மாத்துறதும் சிரமம்னு அதையும் மறைக்காம சொன்னாரு, அந்த ஒரு விஷயத்துக்கே எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துருச்சு.

சுகருக்கு போடுற மெட்ஃபார்மின நிறுத்தச் சொன்னாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு கிரியாட்டினின் டெஸ்ட் பாத்தாங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தாங்க. இதெல்லாம் செய்யுற ரூம், கேத் லேப் உள்ள செம குளிரு. மரத்துப்போற ஊசி ஒரு சுருக்கு, அப்புறம் முழங்கை தாண்டும்போது ஏதோ ஊர்ற மாதிரி இருந்துச்சே தவிர அந்த பழைய முறுக்கல் இல்ல. அடைப்ப விரிக்க குழாய்க்குள்ள பலூன் ஊதும்போது மட்டும் நெஞ்சு இறுகும், சொல்லுங்கம்மான்னு கேட்டுகிட்டே செஞ்சாங்க, காத்த எறக்கினதும் விட்டுரும். கால்சியம் இருந்ததால பலூனே ரெண்டு மூணு தடவை ஊதினாங்க.

முடிச்சதும் மணிக்கட்டுல காத்தடிச்ச பட்டை ஒண்ணு கட்டி, சிஸ்டர் வந்து வந்து கொஞ்சம் கொஞ்சமா காத்த எறக்குனாங்க. நான் உக்காந்தே இட்லி சாப்ட்டேன். படம் தெரிய ரத்தக்குழாய்ல போட்ட டை மருந்து வெளிய போக தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க.

பில்லுல இந்த ட்யூப் தனியா வரும், முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. 2017ல இருந்து ஸ்டென்ட்டுக்கு அரசாங்கம் உச்ச விலை வச்சிருக்கு, அதை நினைச்சுகிட்டு மொத்த பில்லும் அவ்ளோதான்னு எங்க வீட்டுக்காரர் கணக்கு போட்டுட்டு இருந்தாரு.

கை மெலிசா இருக்குற அம்மாக்கள் ஆஞ்சியோல ஸ்பாசம் வந்திருந்தா அதை டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க. எல்லாருக்கும் இந்த ட்யூப் சரிப்படாது, எல்லா ஆஸ்பத்திரிலயும் ஸ்டாக்கும் இருக்காது. ரிவ்யூக்கு போனப்ப மணிக்கட்டுல நாடி புடிச்சுப் பாத்து நல்லா அடிக்குது, இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் இதே வழியா போகலாம்னாரு. அந்த இன்னொரு தடவையே வேணாம் சார், மாத்திரைய ஒழுங்கா எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.