பல் இருக்கும் இடமே தலைநகரம்: பொலன்னறுவைப் பயணம்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயில், பொலன்னறுவைக்கு வருகிறவர்களைக் கதுருவெலவில் இறக்கிவிடுகிறது. பழைய நகரம் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஸ்டேஷன் வாசலில் த்ரீவீலரோடு நின்ற முஸ்லிம் பெரியவர் என் பேச்சைக் கேட்டதும், "இந்தியாவா? சிவன் கோயிலுக்குத்தானே?" என்றார். தமிழ்நாட்டு ஆட்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். "வெயில் ஏற முதல் குளக்கரையைப் பார்த்துக்கொள்ளுங்க தம்பி. கோயில் எங்கயும் ஓடிப் போகாது." சரி நானா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்), உங்கள் இஷ்டம் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அவர் கொண்டுபோய் நிறுத்திய குளத்துக்குப் பராக்கிரம சமுத்திரம் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பழைய ஏரிகளை இணைத்துப் பெரிதாக்கிக் கட்டியது. எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. மழைத்துளி ஒன்றுகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலில் சேரக் கூடாது என்று அவன் சொன்னதாக, இலங்கை அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் பழைய பாலி நூலான சூளவம்சம் எழுதியிருப்பதை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தக் கரையில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது குளம் இல்லை. அதை ஒட்டி நிற்கும் ஒரு கல்மண்டபம். கூரை போய்விட்டது. நான்கு வரிசைத் தூண்கள், ஒரு கோடியில் ஒரு கல் சிங்கம். நிசங்க மல்லன் (1187–1196) அமைச்சர்களோடு கூடிப் பேசிய சபை இது. சிங்கம் நிற்கிற இடத்தில்தான் சிம்மாசனம் இருந்தது.

தூண்களில் எழுதியிருக்கிறது, யார் எங்கே உட்கார வேண்டும் என்று! அரசனுக்கு வலப்புறம் யுவராஜன், அடுத்து மற்ற இளவரசர்கள், பிறகு சேனாபதி, அதிகாரிகள், கணக்கும் ஓலையும் பார்க்கிற காயஸ்தர்கள். இடப்புறம் மண்டலங்களை ஆண்ட மாண்டலிகர்கள், 'எண்பத்து நால்வர்' என்று குறிக்கப்படும் ஊர்த்தலைவர்கள், கடைசியில் வணிகர் குழு. அவரவர் தூணுக்குப் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். 12ஆம் நூற்றாண்டு அரசு ஒன்று எப்படி நடந்தது என்பதற்குப் புத்தகத்தில் படம் போட்டுத்தான் காட்டுவார்கள். இங்கே அந்தப் படத்துக்குள்ளேயே நடக்கலாம். கடைசித் தூண்களுக்கும் சிங்கத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று நடந்து பார்த்தேன். வணிகர் பேச்சு அரசன் காதில் விழ வேண்டுமென்றால் கொஞ்சம் உரக்கத்தான் பேசியிருக்க வேண்டும். ஆனாலும் சபைக்குள் அவர்களுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது, அதுவும் கல்லில் எழுதிக் கொடுத்த இடம்.

பிக்குகளுக்கென்று ஒரு தூணும் என் கண்ணில் படவில்லை. மதத்துக்கு இங்கே பங்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஒரு முற்றமே தனியாக இருக்கிறது.

அந்த முற்றத்தின் பெயர் தலதா மளுவ. கொஞ்சம் உயரமான சதுர மேடை, அதன்மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கட்டடங்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் போனால் கல் பொரியும்; காலுறை கொண்டுபோங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். குரங்குகள் உங்கள் பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மேடை முழுவதையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரு பல். புத்தரின் பல் என்று பௌத்தர்கள் போற்றும் தாது, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து இலங்கைக்கு வந்ததாக மரபு. பொலன்னறுவைக் காலத்துக்குள் அது வழிபாட்டுப் பொருள் என்பதைத் தாண்டி அரசுரிமையின் அடையாளமாகவே ஆகிவிட்டிருந்தது. யார் கையில் பல்லோ அவர் கையில் நாடு. அதனால்தான் வந்த அரசர்கள் எல்லோரும் அதற்கு வீடு கட்டியிருக்கிறார்கள். முதலாம் விஜயபாகு கட்டியது அடதாகே. நிசங்க மல்லன் கட்டியது ஹடதாகே. இரண்டும் பத்தடி தூரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகவே நிற்கின்றன. எதிரே வட்டதாகே என்ற வட்டக் கோயில், இந்த ஊரிலேயே அழகான கட்டடம் அதுதான் என்பேன். வாசலுக்கு ஒரு புத்தராக நான்கு திசைக்கும் நால்வர். அதைத் தான் கட்டியதாக நிசங்க மல்லனின் கல்வெட்டு சொல்கிறது. பராக்கிரமபாகு கட்டியதற்கு இவன் பெயர் போட்டுக்கொண்டான் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. திறப்பு விழாக் கல்வெட்டு என்பது பழைய வியாதி.

அடதாகேக்குப் பக்கத்தில்தான் நான் தேடி வந்த கல் நிற்கிறது. வேளைக்காரர் கல்வெட்டு. சமஸ்கிருதத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறுகிறது. கிரந்தம் கலந்த எழுத்து, பழகாத கண்ணுக்கு ஒன்றிரண்டு சொல்தான் பிடிபடும். அச்சான வாசகத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். 'புலநரியான விஜயராஜபுரம்' என்று ஊரின் பெயர் வருகிறது.

வேளைக்காரர் என்பவர்கள் கூலிக்குப் போர் செய்த படையினர். சோழர் படைகளிலும் இருந்தவர்கள், இங்கே சிங்கள அரசனிடம் சேவகம் செய்தார்கள். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று அவர்களுக்குள் பல பிரிவு. விஜயபாகு 73 வயது வாழ்ந்து 55 ஆண்டு ஆண்டான் என்று கல்லே சொல்கிறது. அவன் காலமான பிறகு, முகலன் என்ற மகாதேரர், அதாவது மூத்த பிக்கு, இவர்களைக் கூட்டி, பல் இருக்கும் கோயிலைக் காக்கும் பொறுப்பைக் கொடுக்கிறார். அவர்கள் தங்கள் மூதாதைகளான வலஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுவினரை அழைத்து, கூட்டம் கூடி, அந்தக் கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரையே வைக்கிறார்கள். கோயிலின் ஊர்களையும் ஆட்களையும் பண்டங்களையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும், தாங்கள் அழிந்தாலும் காப்போம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

இதே ஆட்கள்தான் விஜயபாகு உயிரோடு இருந்தபோது அவன் அரண்மனையைக் கொளுத்தியவர்கள். சோழர்மேல் படையெடுக்க அவன் கிளம்பியபோது, போக மாட்டோம் என்று கலகம் செய்து, தளபதிகளைக் கொன்று, அரசனின் தங்கை மித்தாவையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அடக்கிய பிறகு, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையைச் சுற்றித் தலைவர்களைக் கட்டிவைத்து எரித்தான் என்கிறது சூளவம்சம். அப்படிப்பட்ட படையிடம் பிற்பாடு நாட்டின் உயிர்நாடியை ஒப்படைக்கிறார்கள் என்றால், அடுத்து யார் அரசன் என்ற சண்டையில் எந்தப் பங்காளியையும் நம்ப முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாரிசுரிமை இல்லாத வெளியாள்தான் பாதுகாப்பு. வங்கிக்குக் காவலாளி வைப்பதற்கும் இதே கணக்குத்தான்.

அந்தப் பயம் பொய்யில்லை. பராக்கிரமபாகு 1153இல் பட்டமேறியபோது பல்லும் புத்தரின் பிட்சா பாத்திரமும் தெற்கே ரோகணத்தில், சுகலா என்ற அரசி கையில் இருந்தன. அவற்றைப் பிடிக்க அவன் ரோகணத்துக்குப் படை அனுப்பிக் கடுமையான போர் நடத்த வேண்டியிருந்தது. இன்னொரு சங்கதி: இந்தப் பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன். மேலே சொன்ன மித்தாவை மணந்தவன் அவன்தான். பொலன்னறுவைக்குள் சுற்றும்போது சிங்களர், தமிழர் என்று கோடு போட்டுப் பார்க்க நினைத்தால் கோடு எந்தக் கல்லிலும் நேராக நிற்காது.

அரண்மனை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று நூல்கள் சொல்கின்றன. மிஞ்சியிருப்பது தடித்த செங்கல் சுவர்கள்.

கல் விகாரையில் கூட்டம் எப்போதும் உண்டு. ஒரே கருங்கல் பாறையில் வரிசையாகப் புத்தர்கள்: தியானத்தில் ஒருவர், குகைக்குள் சிறிதாக ஒருவர், ஏழு மீட்டர் உயரத்தில் நிற்பவர், பதினான்கு மீட்டர் நீளத்தில் படுத்திருப்பவர். நிற்பது புத்தரா, குருவின் மறைவுக்குத் துக்கப்படும் ஆனந்தரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எல்லோரும் படுத்த புத்தரின் தலையணையைப் படம் எடுக்கிறார்கள். தலை அழுந்திய குழிவைக் கல்லில் கொண்டுவந்த சிற்பி அந்தப் பாராட்டுக்கு உரியவன்தான். நான் சொல்ல வருவது சிலைகளுக்கு நடுவே பாறையைச் சீவிச் சமமாக்கி வெட்டிய நீண்ட எழுத்தைப் பற்றி. பராக்கிரமபாகுவின் கதிகாவத, அதாவது பிக்குகளுக்கான நடத்தை விதிகள். அதுவரை மகாவிகாரை, அபயகிரி, ஜேதவனம் என்று மூன்றாகப் பிரிந்திருந்த சங்கத்தை, திம்புலாகலையின் மகாகாசியப தேரர் தலைமையில் கூட்டி 1165இல் ஒன்றாக்கினான். ஒழுக்கம் தவறியவர்களின் காவியைக் களைய வைத்தான். மடத்துக்குள் எப்படிப் படிக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பதை மூத்த பிக்குகள் வகுத்தார்கள். அதைப் பாறையில் வெட்ட வைத்தது அரசு. சபையில் பிக்குவுக்குத் தூண் இல்லை என்றேன். மடத்துக்குள் அரசனுக்கு ஒரு பாறையே இருந்திருக்கிறது.

சிவன் கோயிலுக்கு ஒருவழியாக மதியம் போனேன். இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம் என்று பலகை. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது கல்வெட்டுப் பெயர், ஒரு சோழ அரசியின் பெயரில். 993இல் ராஜராஜன் படை அனுராதபுரத்தை அழித்த பிறகு சோழர்கள் தலைநகரை இங்கே மாற்றி ஜனநாதமங்கலம் என்று அழைத்தார்கள். பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். சிறியது, முழுக்கக் கல், விமானத்தின் உச்சி வரை கெடாமல் நிற்கிறது. தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 1070இல் விஜயபாகு சோழரை விரட்டினான், கோயிலை இடிக்கவில்லை. உள்ளே லிங்கத்துக்கு யாரோ காலையில் வைத்த பூ இருந்தது. சோழர் போனபின் இங்கே முறையாக உபசம்பதை, அதாவது முழுத் துறவு, கொடுக்கப் போதிய பிக்குகள் இல்லாமல், விஜயபாகு பர்மாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்தப் பூவோடு சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் இந்தப் பாதி வருவதே இல்லை.

திரும்பும்போது மறுபடி தலதா மளுவவில் நிற்கச் சொன்னேன். நானாவுக்குப் பொறுமை ஜாஸ்தி. ஹடதாகேக்கு அருகில் கல்பொத, அதாவது 'கல் புத்தகம்', கிடக்கிறது, எட்டு மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைக் கல், எடை 25 டன் என்கிறார்கள். பக்கவாட்டில் இரு யானைகள் நீரூற்றும் லட்சுமி. மிகிந்தலையிலிருந்து தன் வீரர்கள் இதை இழுத்து வந்தார்கள் என்று நிசங்க மல்லன் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறான். அவ்வளவு தூரம் இழுத்து வந்தது தன்னைப் புகழ்ந்துகொள்ள. ஐந்தாண்டு வரியைத் தள்ளுபடி செய்ததையும், காட்டை எரித்துச் செய்யும் சேனைப் பயிருக்கான வரியை அடியோடு எடுத்ததையும், தன் எடைக்கு எடை தானம் கொடுத்ததையும் அவன் கல்வெட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்று கோயில் எழுப்பியதாகவும் ஒரு வரி. ஒன்பது ஆண்டு ஆண்டவன் இத்தனை பேசியதற்குக் காரணம், அவனுடைய வடக்கு வாசல் கல்வெட்டைத் தெரிந்துகொண்டால் விளங்கும். அவன் கலிங்கத்திலிருந்து வந்தவன். பௌத்தர் அல்லாத சோழ, கேரள இளவரசர்களை அரியணையில் ஏற்றக் கூடாது என்கிறான். உள்ளூர் கொவி குலத்தாரும், அதாவது உழவர் குலத்தாரும், ஆசைப்படக் கூடாதாம். காக்கை அன்னமாகுமா, மின்மினி சூரியனாகுமா என்று கேட்கிறான். அரசகுமாரன் இல்லையென்றால் அரசியை வையுங்கள், அவளும் இல்லையென்றால் முன்னாள் அரசன் போட்ட செருப்பையாவது வையுங்கள்! பரதன் பாதுகையை வைத்தது அன்பினால். இது பயத்தினால்.

பயந்தது நடந்தது. அவன் இறந்த இருபது ஆண்டுக்குள் அரியணையில் வந்து போனவர்கள் ஏராளம். லீலாவதி என்ற அரசி மட்டும் மூன்று முறை ஏறி மூன்று முறை இறக்கப்பட்டாள். செருப்பை வைத்திருந்தால் அதுவாவது நிலைத்திருக்கும். 1215இல் கலிங்க மாகன் கேரள, தமிழ்ப் படைகளோடு வந்து நகரைப் பிடித்துக் கொள்ளையடித்தான். பிக்குகள் பல்லை எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போய் ஒளித்து வைத்தார்கள். பிறகு தம்பதெனிய, யாப்பகூவ என்று பல் போன இடமெல்லாம் தலைநகரம்.

யாப்பகூவவிலிருந்து பல் போனது எங்கள் ஊர்ப் பக்கம். 1284 வாக்கில் பாண்டியன் குலசேகரனின் ஆள் ஆரியச்சக்கரவர்த்தி படையோடு வந்து, பல்லை எடுத்து மதுரைக்குக் கொண்டுபோனான். போர் செய்து மீட்க வழியில்லாத மூன்றாம் பராக்கிரமபாகு, தானே மதுரைக்குப் போய், நாள்தோறும் பாண்டியனோடு பேசி மனம் கனியவைத்து அதைத் திரும்ப வாங்கினான் என்கிறது சூளவம்சம். வாங்கியவன் நேரே பொலன்னறுவைக்கு வந்து, பழைய கோயிலிலேயே பல்லை வைத்து, இங்கிருந்தே ஆண்டான். அடுத்து வந்தவன் அதைக் குருநாகலைக்குக் கொண்டுபோனான். தலைநகரமும் பின்னாலேயே போனது.