முப்பதா, இருபத்தெட்டா?

"கூட்டமைப்புக்கு முப்பது." "இல்லை, இருபத்தெட்டு."

இன்று காலை தேநீர்க் கடையில் இரண்டு பெரியவர்களுக்கு இடையே வாக்குவாதம். 2013 தேர்தலில் இலங்கையின் வடக்கு மாகாண சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு எத்தனை ஆசனம் என்பது பற்றி.

இரண்டு பேரும் சரி.

மொத்தம் 38 ஆசனம். வாக்கில் கிடைப்பது 36 தான்: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மிச்சம் இரண்டும் போனஸ். மாகாணம் முழுக்க அதிக வாக்கு எடுத்த கட்சிக்குப் போகும். 28 அப்படித்தான் 30 ஆனது. அப்போது நாட்டை ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 7. முஸ்லிம் காங்கிரசுக்கு 1, அதுவும் மன்னாரில்.

மன்னாரைக் கவனியுங்கள். ஐந்து கதிரைக்கு மூன்று கட்சி: 3, 1, 1. யாழ்ப்பாணத்தில் கூட்டமைப்புக்கு 14, சுதந்திர முன்னணிக்கு 2.

பலர் தவறவிடுவது இன்னொன்று. தேர்தல் ஆவணத்தில் அந்த முப்பதும் "இலங்கைத் தமிழரசுக் கட்சி" என்றே இருக்கும். அந்தக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டதால். உள்ளே கூட்டமைப்பின் மற்றக் கட்சிகளான டெலோ, ஈபிஆர்எல்எஃப், புளொட் ஆட்களும் இருந்தார்கள். ஒரே கட்சி என்று எழுதினால், 2017 ஜூனில் முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய அணிக்குள்ளிருந்தே நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் போனது ஏன் என்று விளங்கவே விளங்காது. பிறகு அது திரும்பப் பெறப்பட்டது.

உறுப்பினர் பட்டியல் தயாரிப்பவர்கள் தயவுசெய்து இரண்டு நிரல் போடுங்கள்: போட்டியிட்ட சின்னம், சொந்தக் கட்சி. போனஸ் உறுப்பினருக்கு மாவட்டம் எழுத வேண்டாம்.

2018 அக்டோபரில் அந்தச் சபையின் ஐந்து வருடம் முடிந்தது. அதற்கடுத்த பட்டியலை எழுத, தேர்தல் வைக்க வேண்டும்.