அலமாரிக்குள் பூட்டிய பொம்மைக்கு மார்க் இல்லை

பாலர் வகுப்பின் தரத்தை அளக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தெல்மா ஹார்ம்ஸ். அமெரிக்காவில், வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ரிச்சர்ட் கிளிஃபோர்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஈசெர்ஸ்' (ECERS), அதாவது பாலர் வகுப்பின் சூழலை மதிப்பிடும் அளவுகோல், 1980இல் வந்தது. கைக்குழந்தைகள் அறைக்கும் வீட்டுக் காப்பகத்துக்கும் தனித்தனி அளவுகோல்கள் பின்னால் வந்தன.

வகுப்பில் பார்க்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் 1 முதல் 7 வரை. 1 போதாது, 3 குறைந்தபட்சம், 5 நன்று, 7 மிக நன்று. இந்த நான்கின் கீழும் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் உண்டு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஓர் அம்சத்தின் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டுவிடுகிறார்கள். அப்படியல்ல, கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டும். 1இன் கீழுள்ள குறைகளில் ஒன்று இருந்தாலும் அந்த அம்சத்துக்கு 1தான். குறை எதுவும் இல்லை, 3இன் கீழுள்ளவற்றில் பாதியாவது உண்டு என்றால் 2. அவை முழுதும் இருந்தால்தான் 3. மேலே எத்தனை அலங்காரம் இருந்தாலும் கீழ்ப்படி உடைந்தால் கதை முடிந்தது. கறாரான விதிதான், ஆனால் நியாயமானது.

2015இல் வந்த மூன்றாம் பதிப்பில் 35 அம்சங்கள், 3 மணி நேர நேரடிக் கவனிப்பு. "தினமும் கதை சொல்வோம்" என்று டீச்சர் சொன்னால் போதாது, அந்த 3 மணி நேரத்தில் கண்ணில் பட வேண்டும். கட்டைகள் பெட்டி பெட்டியாக இருக்கலாம். பிள்ளையின் கைக்கு எட்டி, விளையாட நேரமும் கிடைத்தால்தான் கணக்கு.

நம்மூருக்கும் இதில் ஒரு கிளை உண்டு. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகச் சூழலுக்கு ஏற்ப உருவாக்கியது 'டெசெர்ஸ்'.